பன்னிரண்டு போன், ஒரு முக்கோணம்

பத்தொன்பது வருடமாக நான் வரைந்தது
ஒரே முக்கோணம்.
படுத்த கோடு ஒன்று, அதன்மேல் கூரை.
அறுபது, அறுபது, அறுபது எழுதிவிட்டுத்
திரும்பாமலே கேட்பேன்: புரிஞ்சுதா?
தாராவியின் தொண்ணூறடி ரோட்டு ஹார்ன்களுக்கு மேலே
எழும்பி வரும்:
புரிஞ்சுது சா...ர்.
அந்த இழுப்பில் இருந்தது பசி.
சாப்பாட்டுக்கு முந்தின பீரியட் என்னுடையது.

இந்த வியாழக்கிழமை
என் போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து
கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன்.
அதையும் நோட்டில் எடுத்துக்கொண்டாள் ஒருத்தி,
தேதி போட்டு, அடிக்கோடிட்டு.

முப்பத்தெட்டுப் பேர். பன்னிரண்டு போன்.
எல்லாம் இரவல்.
அப்பா நைட் ஷிப்ட் முடிந்து தூங்குவதால் ஒன்று,
அக்காவுக்குக் காலேஜ் லீவு என்பதால் ஒன்று,
உடைந்த கண்ணாடிமேல் செலோடேப் ஒட்டி
வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்த ஒன்று.

பெயர் கேட்டது திரை.
வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்கள் வந்தார்கள்:
கட்டிங் சாய்.
கடைசி பெஞ்ச் கலெக்டர்.
சயான் ஸ்லோ லோக்கல்.
கணக்கு ஒழிக.
‘கணக்கு ஒழிக, உள்ளே வரலாம்’ என்றேன்.
மூன்றாம் பெஞ்சில் மட்டும்
மூச்சு நின்றது.

முனையைத் தொட்டு இழுங்கள்.
இழுத்தார்கள்.
பேச்சிராஜ் அதைப் பிடித்துக்கொண்டு
திரையின் உச்சிவரை கடத்திப் போனான்.
எண்பத்தொன்பது, எண்பத்தொன்பது, இரண்டு.
‘எங்க ஓடினாலும் நூத்தியெண்பதுதான் சார்,
விடவே மாட்டேங்குது’ என்று கத்தினான்
கடன்காரனைச் சொல்வதுபோல.

ஜெபஷீலா மேலே போகவில்லை.
விரலைக் கீழே அழுத்திக்கொண்டே வந்தாள்.
நூற்றுப்பத்து, நூற்றைம்பது,
நூற்றெழுபத்தொன்பது,
சட்டென்று
பூஜ்யம், நூற்றெண்பது, பூஜ்யம்.
கூரை தரையோடு படுத்துவிட்டது.
‘சார், இது இப்பவும் முக்கோணமா?’

என் முக்கோணத்தை
யாரும் இப்படித் தொட்டதில்லை.
சாக்பீஸ் கோட்டைத் தொட்டால் அழியும்,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

கேள்வியை ஓட்டுக்கு விட்டேன்.
ஆம். இல்லை. இரண்டு நிமிடம்.
ஒரு போனுக்கு மூன்று தலை, அழுத்த ஒரு கட்டைவிரல்;
ஆகவே சண்டை.
‘மூணு மூலை இருக்குல்ல?’
‘இருக்கு, ரேஷன் கடை க்யூ மாதிரி இருக்கு.’
‘கூட்டினா சரியா வருதே!’
‘கூட்டினா வந்தா போதுமா?
ரெண்டு தொண்ணூறடி ரோடு சேந்தா
முக்கோணமாயிடுமாலே?’
பாதி இந்தி, பாதி திருநெல்வேலி.
நான் ஜன்னலோரம் போய் நின்றேன்.
நடுவில் எனக்கு வேலையில்லை.
ஆளுக்கொரு போன் இருந்திருந்தால்
எவ்வளவு அமைதியான வகுப்பாக இருந்திருக்கும் இது
என்று நினைத்துப் பார்த்தேன்.
கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆம், ஆறு. இல்லை, ஆறு.
அதற்குமேல் திரையில் ஒரு வட்டம் சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.
என் டேட்டா தீர்ந்திருந்தது.

முப்பத்தெட்டு முகமும் என் பக்கம் திரும்பின.
‘எனக்கும் தெரியல’ என்றேன்.
பலகைக்கு முதுகைக் காட்டி
அதைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.
கிச்சடி வாளி வந்தது.
தட்டோடு க்யூவில் நின்றபடி
சண்டையைத் தொடர்ந்தார்கள்.

இரவு பத்தரைக்கு, தெரியாத எண்ணிலிருந்து:
சார் நான் ஜெபஷீலா, அம்மா போன்.
முக்கோணம்னா உள்ள
கொஞ்சமாவது எடம் வேணும்ல.
எங்க பெஞ்ச் ஓட்டை மாத்திக்கலாமா?

எழுதினேன். அழித்தேன்.
பிறகு ஒரு வரி எழுதி, அதையும் அழித்தேன்.
நான் எழுதிக்கொண்டிருப்பது
அவளுக்கு அங்கே தெரியும் என்பது
ஞாபகத்தில் இல்லை.

அவளே அனுப்பினாள்:
அவசரமில்ல சார்.
யோசிச்சு சொல்லுங்க.